கடிவாய்க்கும் மூளைக்கும் இடையே

அவைத்தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு அரிச்சுவடி கற்பித்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நடவு முடித்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வெறிநாய்க்கடி வைரஸ் நம் உடலுக்குள் கடக்கும் தூரத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கடிபட்ட தசையில் தங்குவது, நரம்பில் ஏறுவது, மூளையிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குவது.

மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு திறந்தாலும், கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கித் திருத்துறைப்பூண்டி வயலைத் தண்ணீர் எட்டப் பல நாள் ஆகும் என்பது கடைமடைக்காரர்களாகிய நமக்குத் தெரியும். இந்த வைரஸும் இரத்தத்தில் கலந்து ஒரே நாளில் உடலெங்கும் பாய்வதில்லை. தசையில் பெருகி, நரம்பு முனைக்குள் நுழைந்து, அந்த வாய்க்கால் வழியே தண்டுவடத்தை நோக்கி நகர்கிறது. அங்கிருந்து மூளைக்கு ஏறி, பிறகு உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்தே அறிகுறி தோன்றுகிறது. தோன்றியபின் பிழைப்பவர் அரிதினும் அரிது. முகத்தில் பட்ட கடி காலில் பட்டதைவிட விரைந்து மூளையை எட்டும். குழந்தைகளின் முகமோ நாயின் வாய்க்கு எட்டும் உயரத்திலேயே இருக்கிறது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, என் சித்தப்பா மகனை ஆற்றங்கரையில் ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பாட்டி சுண்ணாம்பையும் மிளகாய்த்தூளையும் குழைத்துக்கொண்டு ஓடிவந்தார். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அத்தை அதைத் தட்டிவிட்டு, அவனை மடியில் அழுத்திப் பிடித்து, கையிலிருந்த துவைக்கும் சோப்பாலேயே காயத்தைக் கழுவினார். அவன் கதறினான், பாட்டி ஏசினார், அத்தை நிறுத்தவில்லை. பிறகு சித்தப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு ஓடினார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அவன் மகளுக்குப் போன தை மாதம் திருமணம். தாலி எடுத்துக்கொடுத்தவர் அந்த அத்தைதான்.

அத்தைக்கு வைரஸ் தெரியாது, அணை கோலத் தெரிந்திருந்தது. வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். ஆகவே ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்; கழுவியதும் ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். இன்று ஊசி தொப்புளில் இல்லை, கையில்தான். 0, 3, 7, 28 ஆம் நாட்களில் போடுவார்கள்.

பள்ளி வாசலில் குழாய் இருக்கிறது, சோப்பு இல்லை. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பதால் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களை வேண்டுகிறேன்: அக்டோபர் 2 கிராம சபையில், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குழாயடியில் என்றும் சோப்பு இருக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். முதலாண்டுச் செலவை நான் ஏற்கிறேன்.