ஒரு வாரம் மட்டும் பிக்கு ஆகலாமா? சீன இளைஞர்கள் பற்றி ஒரு கேள்வி

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு தம்பி கேட்டிருக்காரு: "சீனாவுல சாமி நம்பிக்கையே கிடையாதுன்னு சொல்றாங்க. ஆனா அங்க படிச்ச பசங்க மொட்டை அடிச்சு, ஒரு வாரம் புத்த பிக்குவா இருந்துட்டு திரும்ப வேலைக்குப் போறாங்களாமே? அது உண்மையா? துறவறம் வாங்கிட்டு பாதியில விடுறது பாவம் இல்லையா?"

நல்ல கேள்வி. உண்மைதான். ஆனா கோயில்ல போய்த் தங்குற எல்லாரும் துறவறம் வாங்கினவங்க இல்ல. பெரும்பாலானவங்க 'யிகோங்'னு போறாங்க, அதாவது தொண்டர். சம்பளம் கிடையாது. சோறும் படுக்க இடமும் உண்டு. முற்றம் பெருக்கணும், சமையல்கட்டுல காய் நறுக்கணும். இன்னும் கொஞ்சம் பேர் தியான முகாமுக்குப் போறாங்க. அதைப் பெரிய அளவுல தொடங்கி வெச்ச இடம்னு ஹெபெய் மாகாணத்துல இருக்கிற பைலின் கோயிலைச் சொல்லலாம். மாவோ காலத்துல கோயில்களை இடிச்ச கலாச்சாரப் புரட்சிக்கு அப்புறம் அங்க மிஞ்சினது ஒரு பழைய ஸ்தூபியும் சில மரங்களும்தான். ஜிங் ஹுய்னு ஒரு துறவி அதைத் திரும்ப எழுப்பி, 1993-ல கோடைக்கால முகாம் ஆரம்பிச்சாரு. கல்லூரிப் பசங்க வந்து ஏழு நாள் கோயில் சட்டப்படி இருந்துட்டுப் போகலாம். மொட்டை வேண்டாம், சீவரம்னு சொல்ற பிக்கு உடையும் வேண்டாம். இன்னைக்கு பல கோயில்கள்ல நடக்கிற முகாம்கள் ஏறக்குறைய இதே அச்சுதான்.

அங்க ஒரு நாள் எப்படிப் போகும்? விடிகாலை நாலு, நாலரைக்கு மரப்பலகையைத் தட்டிக்கிட்டே ஒருத்தர் வருவாரு. அதான் அலாரம். போனை முதல் நாளே வாங்கி வெச்சிடுற முகாம்களும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்சது சாப்பாட்டு நேரம். நீளநீளமா பெஞ்சு வரிசை. ஒவ்வொருத்தர் முன்னாடியும் ரெண்டு கிண்ணம், ஒண்ணு சோத்துக்கு, ஒண்ணு காய்க்கு. யாரும் வாயே திறக்கக் கூடாது. பரிமாறுறவங்க வாளியோட வருவாங்க. இன்னும் வேணும்னா கிண்ணத்தை மேஜை விளிம்புக்குத் தள்ளி வைக்கணும், போதும்னா கையைக் காட்டணும், அவ்வளவுதான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. இதைப் போய் சிறைவாசம் மாதிரின்னு நினைச்சிடாதீங்க. என்ன சாப்பிடலாம், எப்ப தூங்கலாம், யாருக்கு பதில் போடலாம்னு நாள் பூரா முடிவு எடுத்தே களைச்சுப் போனவனுக்கு, எல்லாத்தையும் வேற ஒருத்தர் முடிவு பண்ணிட்டாங்கன்னா அதுவே பெரிய ஓய்வு. பசங்க பக்தியைத் தேடிப் போறதை விட இதைத் தேடித்தான் போறாங்கன்னு நான் நினைக்கிறேன்.

களைப்பு எங்கிருந்து வருதுன்னு உங்களுக்கே தெரியும். '996'னு அங்க ஒரு பேச்சு: காலை 9 முதல் ராத்திரி 9 வரை, வாரம் 6 நாள். இன்னொரு பக்கம் வேலையே இல்ல. 2023 ஜூன்ல நகரத்து 16 முதல் 24 வயசுக்காரங்கள்ல 21.3 சதவீதம் பேருக்கு வேலை இல்லைன்னு அரசாங்கமே சொல்லுச்சு. அப்புறம் கொஞ்ச காலம் அந்தக் கணக்கு வெளியிடுறதையே நிறுத்திட்டாங்க! அந்த வருஷம்தான் பீஜிங்ல யோங்ஹே கோயில் வாசல்ல இளவட்டக் கூட்டம். அவங்களுக்குள்ள ஒரு சொல் விளையாட்டு ஓடுச்சு: ஷாங்பான்னா வேலைக்குப் போறது, ஷாங்ஜின்னா முன்னேறப் பாடுபடுறது, ஷாங்ஷியாங்னா ஊதுபத்தி ஏத்துறது. முதல் ரெண்டுக்கும் நடுவுல எதுன்னு கேட்டா, நான் மூணாவது!

இப்ப 'பாவமா'ங்கிறதுக்கு வரேன். தாய்லாந்துல ஆம்பளைப் பசங்க ஒரு மழைக்காலம் பிக்குவா இருந்துட்டு வீட்டுக்கு வர்றது மரபு. சீனாவுக்குள்ளேயே, யுன்னான் மாகாணத்து ஷிஷுவாங்பன்னாவுல 'தை'ங்கிற இன மக்கள்கிட்ட அதே வழக்கம் உண்டு. ஆனா சீனாவோட பெரும்பான்மை இனமான ஹான் சீனர் மரபு வேற. அங்க துறவுக்குப் பேரே 'சூஜியா', வீட்டை விட்டுப் போறது. போனா போனதுதான். படங்கள்ல பிக்கு தலையில வட்டவட்டமா தழும்பு பார்த்திருப்பீங்க, தீட்சையப்ப ஊதுபத்தியால சுட்டது. 1983-லதான் சீன பௌத்த சங்கம் அதை நிறுத்துச்சு. அப்படி அழியாத முத்திரை குத்தின ஊர்ல, ஏழு நாள் துறவுன்னா பெரியவங்க முகம் சுளிக்கத்தானே செய்வாங்க?

ஆனா விநயம்னு சொல்ற பிக்குகளோட ஒழுக்க விதிப்படி பாவம் இல்ல. பிக்கு வெளியேறணும்னா, புரிஞ்சுக்கிற ஒருத்தர் முன்னாடி 'விட்டுட்டேன்'னு சொன்னா போதும். ஆம்பளைங்க ஏழு தடவை வரை போய்ட்டுப் போய்ட்டு வரலாம்னு சீன மரபே சொல்லுது. குறுகிய காலத் துறவுல பத்து சீலங்களை, அதாவது ஒழுக்க விரதங்களை, குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் ஏத்துக்குவாங்க, கடைசி நாள் சீவரத்தோட சேர்த்துத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. தைவான்ல ஃபோகுவாங்ஷான் மடம் 1988-லேர்ந்து இதை நடத்துது.

புதுசும் இல்ல இது. ஆறாம் நூற்றாண்டுல லியாங் வூ-ன்னு ஒரு பேரரசர், திடீர்னு அரண்மனையை விட்டுட்டு கோயிலுக்கே தன்னை எழுதிக் கொடுத்துடுவாரு. மந்திரிங்க கோடிக்கணக்குல காசு கட்டி மீட்டுட்டு வருவாங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை! நம்ம தென்னாட்டுலேர்ந்து போன போதிதர்மர் இவரைப் பார்த்ததா சொல்ற கதை இருக்கே, "இவ்வளவு கோயில் கட்டினேனே, எனக்கு எவ்வளவு புண்ணியம்?"னு பேரரசர் கேட்டாராம். "ஒண்ணுமே இல்ல"ன்னுட்டாராம் போதிதர்மர். இப்ப சீனப் பசங்க போன்ல மரமீன் செயலி வெச்சிருக்காங்க, கோயில்ல தாளம் தட்டுற மரக்கட்டை அது. திரையில ஒரு தட்டு தட்டினா 'புண்ணியம் +1'னு வரும்.

கடைசியா ஒண்ணு, இது நீங்க கேட்கலை. அங்க ஒத்தைப் பிள்ளை சட்டத்துல வளர்ந்த தலைமுறை இது. 'கோயிலுக்குப் போறேன்'னு பிள்ளை சொன்னதும் அப்பா அம்மா கேட்கிற முதல் கேள்வி, "என்னைக்குத் திரும்பி வருவே?" முகாம்னா பதில் சொல்லத் தேதி இருக்கு.

சரி, அடுத்த கேள்வி...