சேட்டையே இல்லாத பையனுக்கு ஏ.டி.எச்.டி இருக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னிக்கு நாலஞ்சு கேள்வி எடுத்து வச்சிருந்தேன். ஆனா அதுல ஒண்ணு என்னை விடவே மாட்டேங்குது. அதனால அதை மட்டும் பேசிடலாம். ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "என் பையனுக்கு 10 வயசு. சேட்டையே கிடையாது, உக்கார வச்ச இடத்துல உக்காந்திருப்பான். ஆனா எதையும் முடிக்க மாட்டான். ஏ.டி.எச்.டி, அதுல கவனக்குறைவு வகைன்னு டாக்டர் சொல்றாங்க. கேம்னா மணிக்கணக்கா அசையாம விளையாடுறானே, அவனுக்கா கவனம் இல்ல? யோசிக்கிற திறன் வளர மூளைப் பயிற்சி ஆப் ஏதாவது வாங்கலாமா?"

அம்மா, முதல்ல சேட்டை விஷயத்துக்கு வர்றேன். ஏ.டி.எச்.டின்னா கவனக்குறைவும் துறுதுறுப்பும் சம்பந்தப்பட்ட குறைபாடு. அந்தப் பேரைச் சொன்னாலே நாற்காலி மேல ஏறிக் குதிக்கிற பையன்தான் எல்லார் மனசுலயும் வர்றான். ஆனா 1798லயே அலெக்சாண்டர் கிரிக்டன்னு ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர், ஒரே விஷயத்துல மனசை நிறுத்த முடியாத நிலையைப் பத்தி எழுதியிருக்கார். அது பிறவியிலேயே இருக்கலாம்னும் சொல்லியிருக்கார். 1980ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட கையேட்டுல, துறுதுறுப்பு இல்லாத கவனக்குறைபாடுன்னு தனியா ஒரு பிரிவே வந்தாச்சு. ஆனாலும் அமைதியான பையன் இன்னமும் கண்ணுல படுறதில்ல. அவனால வகுப்புல யாருக்கும் தொந்தரவு இல்லையே! பெண் குழந்தைங்க இப்படித் தவறிப்போறாங்கன்னு இப்பப் பேச ஆரம்பிச்சிருக்காங்க, ரொம்ப நல்லது. பையன் விஷயத்துல, 'குறைபாடா இருந்தா ஆடிக்கிட்டே இருப்பானே, இவன் சும்மா சோம்பேறி'ன்னு முடிச்சுடுறாங்க. ஒரு குழந்தையைப் பாத்து அப்படிச் சொன்னா எனக்குக் கோபம்தான் வரும்.

தொடர்ந்து பாக்குறவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போறேன்னு தெரிஞ்சிருக்கும். தெரியாம தப்பு விடுறது வேற. தெரிஞ்சதைக் கடைசிவரைக்கும் பிடிச்சு வச்சுக்க முடியாம தப்பு விடுறது வேற. முன்னாடியும் சொல்லியிருக்கேன், திரும்பவும் சொல்றேன். ஒரு பையனோட கணக்கு நோட்டு. 47ஐ 6ஆல பெருக்கணும். விடை 242னு எழுதியிருக்கான். வாய்ப்பாடு தெரியலன்னு டீச்சர் சிவப்பு மையில எழுதியிருந்தாங்க. நல்லாப் பாருங்க. ஏழாறு 42, சரியா 2 போட்டிருக்கான். நாலாறு 24, அதுவும் சரி. நடுவுல கையில வச்சிருந்த 4 மட்டும் காணாமப் போயிடுச்சு. வாய்ப்பாடு அவனுக்கு அத்துப்படி! "வாயால சொல்லிக்கிட்டே போடு தம்பி"ன்னேன், 282னு எழுதிட்டான்.

அந்த 4ஐ ரெண்டு விநாடி தாங்கிப் பிடிக்கிற இடத்துக்குத்தான் செயல்படு நினைவுன்னு பேர். சோதனையில 5, 8, 2, 6னு எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுவோம். வரிசையா சொல்லிடுவான். பின்னாலிருந்து சொல்லுன்னா, 6, 2ன்னு வந்து நின்னுடுவான். எல்லாருக்கும் இப்படி இருக்கும்னு இல்ல, ஆனா நிறையப் பசங்களுக்கு இருக்கு. அதனாலதான் ஐக்யூ அறிக்கையில மொத்த மதிப்பெண்ணை மட்டும் பாக்காதீங்க, உள்ள பிரிச்சுப் பாருங்கன்னு சொல்றேன். பல பசங்களுக்கு சொல்லறிவு, அதாவது வார்த்தையைப் புரிஞ்சு பேசுற திறன், நல்லா இருக்கும், செயல்படு நினைவும் மனசு வேலை செய்யற வேகமும் கீழ இருக்கும்.

இன்னொண்ணு. திரையில எழுத்து ஒவ்வொண்ணா வரும், குறிப்பிட்ட எழுத்து வந்தா பட்டனை அமுக்கணும். இந்தப் பையன் அஞ்சாறு தடவை டக் டக்குன்னு அமுக்குவான், திடீர்னு ஒண்ணுக்கு ரொம்ப நேரம் எடுத்துப்பான், அடுத்ததை விட்டே விடுவான். இந்த ஏத்த இறக்கம்தான் ஏ.டி.எச்.டில திரும்பத் திரும்பப் பாக்குற விஷயம். "நேத்து அழகா செஞ்சியே, இன்னிக்கு என்ன கேடு?"ன்னு வீட்டுல கேக்குறோம்ல? நேத்து முடிஞ்சது இன்னிக்கு முடியாமப் போறதுதாங்க அவனோட பிரச்சினையே.

கேம்ல நொடிக்கு நொடி ஏதாவது நடக்குது, உடனே பலன் கிடைக்குது. கவனத்தை அது பிடிச்சு வச்சுக்குது. வீட்டுப்பாடத்துல அவனே பிடிச்சு நிறுத்தணும், பலனோ எப்பவோ வரும். அவனுக்குச் சிரமம் அந்த நிறுத்துறதுலதான். வேணும்னே செய்யறதில்ல.

ஆப் கேட்டீங்க. நினைவுப் பயிற்சி கேம் விளையாடினா அந்த மாதிரி கேம்ல கெட்டிக்காரன் ஆகுறான். வகுப்புக் கவனத்துக்கோ கணக்குக்கோ அது பெருசா வந்து சேரலன்னுதான் ஆய்வுகள் காட்டுது. காசை வீணாக்காதீங்க. நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது வேற: 'அவன் தலைக்குள்ள தாங்க வேண்டிய சுமையில எதையெல்லாம் நான் வெளிய இறக்கி வைக்கலாம்?' பையை எடு, டைரியைக் காட்டு, கை கழுவிட்டு வான்னு ஒரே மூச்சுல மூணு வேலை சொல்லாதீங்க. ஒண்ணு சொல்லுங்க, முடிச்சதும் அடுத்தது. கணக்குல கையில நிக்கிற எண்ணைக் கட்டாயம் பேப்பர்ல எழுத வைங்க. பெரிய வேலையைத் துண்டு துண்டாக் கொடுங்க. ஒவ்வொரு துண்டு முடியும்போதும் உடனே "சரியா இருக்கு"ன்னு சொல்லுங்க, ராத்திரி வரைக்கும் சேத்து வைக்காதீங்க. மருந்து வேணுமாங்கிறது டாக்டரும் நீங்களும் உக்காந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. சிலருக்கு நல்லாவே உதவுது.

டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டுக்கோங்க. கவனக்குறைவுக்கு 9 அறிகுறி, 17 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அதுல 6 இருக்கணும், 6 மாசமாவது நீடிக்கணும், சில அறிகுறியாவது 12 வயசுக்கு முன்னாடியே தெரியணும், வீடு, பள்ளின்னு ரெண்டு இடத்துலயாவது இருக்கணும். இதெல்லாம் பாத்தாங்களா? காது, தூக்கம், வாசிப்புச் சிரமம் பாத்தாச்சா? கண்ணு நிலைகுத்தி, கூப்பிட்டாலும் தொட்டாலும் சில விநாடி எதுவுமே தெரியாம இருக்கானான்னு நீங்க கவனிச்சு சொல்லுங்க, ஏன்னா அது ஒரு வகை வலிப்பாவும் இருக்கலாம். அடுத்த தடவை போகும்போது மார்க் கார்டு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்கம்மா, கணக்கு நோட்டையும் எடுத்துட்டுப் போங்க. எந்த வரியில நழுவுறான்னு அதுலதான் தெரியும்.