வர முடியாது என்று சொல்ல முடிகிறதா?

(பணியாளர்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தொண்டு செய்வதற்கு எதிராகப் பேச நான் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சை எடுத்தாலே, "நல்ல காரியத்துக்குக்கூடக் கணக்குப் பார்ப்பீர்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். ரத்தம் கொடுங்கள், மரம் நடுங்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். அது உங்கள் நேரம், உங்கள் மனசு. சம்பளம் கொடுப்பவர் உங்கள் ஓய்வு நேரத்தை எடுத்துத் தன் பெயரில் தானம் செய்கிறாரே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அது எப்படி நடக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வார இறுதி நெருங்கும்போது குழுவின் வாட்ஸ்அப்பில் மேலாளரிடமிருந்து ஒரு செய்தி வரும். விடுமுறை நாள் காலையில் தூய்மைப் பணி. "விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்" என்பது முதல் வரி. அதற்குக் கீழே ஒரு கூகுள் படிவம். பெயர், பிரிவு, டீ-ஷர்ட் அளவு, வருகிறீர்களா இல்லையா. 'இல்லை' என்பதைத் தொட்டால் இன்னொரு கட்டம் திறக்கும்: காரணம் எழுதவும். பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அதை நிரப்பாமல் படிவம் போகாது.

அந்த நட்சத்திரத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன். விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்றால், வராதவர் எதற்காகக் காரணம் சொல்ல வேண்டும்? காரணம் கேட்பது விடுப்புக்கு. விடுப்பு எடுப்பது வேலைநாளில். அப்படியென்றால் அந்த நாளை நிர்வாகமே வேலைநாளாகத்தான் நினைக்கிறது. சம்பளப் பட்டியலில் மட்டும் அது வேலைநாளாக இல்லை.

அப்புறம் ஆண்டு மதிப்பீடு வரும். 'சமூகப் பங்களிப்பு' என்று ஒரு வரி, அதற்கு மதிப்பெண். யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் சம்பள உயர்வும் பதவி உயர்வும் எந்தத் தாளைப் பார்த்து முடிவாகிறதோ, அதே தாளில் இந்த வரியும் இருக்கிறது. அதற்குமேல் மிரட்டல் எதற்கு?

1930இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பு பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. அதன் 29ஆம் எண் உடன்படிக்கை அது. ஏதாவது தண்டனை வரும் என்ற அச்சத்தின் பேரில் வாங்கப்படுவதும், ஒருவர் தாமாக முன்வந்து செய்யாததுமான வேலையே கட்டாய உழைப்பு என்று அது வரையறுக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்கப் போனதை அந்தக் கொடுமையோடு ஒன்றாக வைக்க மாட்டேன். அப்படி வைப்பது உண்மையான கொத்தடிமைகளுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அந்த வரையறை கேட்கும் இரண்டு கேள்விகள் நமக்கும் உதவும். மறுத்தால் என்ன ஆகும்? தாமாக வந்தாரா?

இந்தக் கேள்விகளை நீதிமன்றங்களும் எடுத்துப் பார்த்திருக்கின்றன. அமெரிக்காவில் அலமோ அறக்கட்டளை என்று ஒரு மத அமைப்பு இருந்தது. பெட்ரோல் நிலையம், துணிக்கடை, பன்றிப்பண்ணை என்று பல தொழில்களை நடத்தியது. வேலை செய்தவர்களில் பலர் போதைப் பழக்கத்திலிருந்தும் குற்ற வாழ்க்கையிலிருந்தும் மீண்டு வந்தவர்கள். கூலி கிடையாது, சாப்பாடு, துணி, தங்க இடம் மட்டும். "நாங்கள் தொண்டர்கள், எங்களுக்குக் கூலி வேண்டாம்" என்று அவர்களே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 1985இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர்கள் பணியாளர்களே, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று முக்கியம். 'நானாக விரும்பித்தான் செய்கிறேன்' என்று சொல்பவர்களுக்கெல்லாம் விலக்குக் கொடுத்தால், முதலாளிகள் தங்கள் பலத்தைக் காட்டி எல்லாரையும் அப்படியே சொல்ல வைத்துவிடலாம். அதோடு, சட்டப்படி கூலி கொடுக்கும் மற்ற கடைக்காரர்கள் போட்டியில் அடிபட்டுப் போவார்கள்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1982இல், இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் ஆழமாகப் போனது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்களின் வழக்கு அது. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 'கட்டாயம்' என்றால் அடி உதை மட்டுமா? இல்லை, வேறு வழியில்லாத ஏழ்மையும் கட்டாயம்தான் என்றது நீதிமன்றம். வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் படிப்புச் செலவும் கழுத்தில் இருக்கும்போது மேலாளரின் 'விருப்பமுள்ளவர்கள்' என்ற சொல் எப்படிக் காதில் விழும் என்பதைப் புரிந்துகொண்ட தீர்ப்பாக நான் அதைப் படிக்கிறேன்.

சரி, எல்லை எங்கே? அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விதி ஒன்று இதைத் தெளிவாகச் சொல்கிறது. முதலாளி கேட்டுக்கொண்டதாலோ, அவருடைய கட்டுப்பாட்டின் கீழோ செய்யும் அறப்பணி வேலை நேரமே. வேலை நேரத்துக்கு வெளியே தாமாகச் செய்வது வேலை நேரம் ஆகாது. அந்தத் துறையே 2019இல் ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தது. அதன்படி, தொண்டு செய்த குழுவுக்கு ஊக்கத்தொகை கொடுப்பதுகூடத் தவறில்லை. ஆனால் கலந்துகொள்ளாதவருக்கு எந்தப் பாதிப்பும் வரக் கூடாது. எனவே எல்லாத் தொண்டும் சுரண்டல் என்று நாம் பேச முடியாது. பேசவும் வேண்டாம்.

இன்னொரு வகை உண்டு. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தன் சொந்த நிறுவனத்தின் வேலையையே சம்பளமில்லாமல் செய்யச் சொல்வது. வருகைப் பதிவை முடித்துவிட்டு இருப்புக் கணக்கு எடுப்பது, கடையை அலங்கரிப்பது, நிறுவன விழாவில் விருந்தினரை வரவேற்க நிற்பது. இதற்குத் தொண்டு என்று பெயர் வைத்தாலும் இது கொடுக்காமல் விட்ட கூலிதான். தொண்டு நிறுவனங்களிலும் இது நடக்கிறது. நோக்கம் உயர்ந்தது என்பதால் அங்கே மறுப்பதுதான் கடினம். கூலிக்குச் செய்யும் அதே வேலையை மாலையில் இலவசமாகச் செய்யச் சொல்வதை அங்கேயும் ஏற்கக் கூடாது.

இந்தச் சுமை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெற்றோரோ இருப்பவருக்கு விடுமுறை நாள் ஓய்வு நாளே இல்லை. பெரும்பாலும் அது பெண்கள். அவர்கள்தான் அந்தக் காரணக் கட்டத்தில் தங்கள் வீட்டு நிலவரத்தை எழுத வேண்டியிருக்கிறது. மதிப்பீட்டுத் தாளில் பின்தங்குவதும் அவர்கள்தான்.

'குழுவாகச் சேர்ந்து செய்தால் ஒற்றுமை வளரும்' என்பார்கள். வளரட்டும். வேலை நேரத்திலேயே செய்யலாமே. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் தொண்டுக்கென்றே ஆண்டுக்கு 7 நாட்கள் சம்பளத்தோடு கொடுக்கிறது. எங்கே செய்வது என்பதைப் பணியாளரே முடிவு செய்கிறார். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்களைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லும்போது, சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் என்று நிறுவனத்தின் பணத்தைத்தான் கேட்கிறது.

இனி நாம் செய்ய வேண்டியது. அடுத்த முறை செய்தி வந்தால் மரியாதையாக மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இது வேலை நேரமா? வராதவர்களின் பட்டியல் வைக்கப்படுமா? அங்கே அடிபட்டால் இழப்பீடு உண்டா? மூன்றாவது கேள்விக்கு நிர்வாகம் பதில் யோசிக்கத் தொடங்கினாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். செய்தியையும் படிவத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றானால் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள்.

இந்த அவையில் மேலாளர்களும் மனிதவளத் துறையினரும் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இரண்டே மாற்றங்கள். மதிப்பீட்டுத் தாளிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். படிவத்திலிருந்து காரணம் கேட்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் வருபவர்கள் உங்கள் தொண்டர்கள். அவர்களோடு எந்த நல்ல காரியத்தையும் செய்யுங்கள், நானும் வருகிறேன்.