நிலைக்குழுவின் கதவு நமக்கும் திறக்கட்டும்

அவைத்தலைவர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் வந்து மேடைக்குப் பெருமை சேர்த்திருக்கும் முன்னாள் நீதியரசர் அவர்களே, அழைப்பிதழில் பெயர் விடுபட்டும் மனம் கோணாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, வாக்காளப் பெருமக்களே, வணக்கம்.

தேர்தலைக் கண்காணிப்பதில் நாடாளுமன்றக் குழுக்களின் பங்கைச் சட்டம், மக்கள் என்று இரண்டு கோணங்களில் பேச வந்திருக்கிறேன். சட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். 1982 மே மாதம், கேரளத்தின் பறவூர் சட்டமன்றத் தொகுதி. 84 வாக்குச்சாவடிகளில் ஐம்பதில் மின்னணு இயந்திரத்தை வைத்தது தேர்தல் ஆணையம். சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றம் போனவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. நீதிமன்றம் தலையிடவில்லை. வாக்கை எண்ணினார்கள். வென்றவர் யார்? அதே சிவன் பிள்ளை! 123 வாக்கு வித்தியாசம். இப்போது இயந்திரம் செல்லாது என்று வழக்குப் போட்டவர், தோற்றுப்போன காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ். 1984இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்த 50 சாவடிகளிலும் மக்கள் மறுபடி வரிசையில் நின்று சீட்டில் முத்திரை குத்தினார்கள். ஜோஸ் வென்றார். 1988இல் நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவைக் கொண்டுவந்த பிறகே இயந்திரத்துக்குச் சட்டத்தின் துணை கிடைத்தது.

ஆழம் பார்க்கத்தான் 1993இல் துறைசார் நிலைக்குழுக்கள், அதாவது ஒவ்வொரு துறையின் மசோதாக்களையும் ஆராயும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுக்கள், வந்தன. தேர்தல் சட்டங்கள் பணியாளர், சட்டம், நீதி தொடர்பான குழுவின் பொறுப்பு. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அரசியலமைப்பின் 324ஆவது பிரிவின்படி தேர்தலை நடத்துவது ஆணையம். அந்த வேலையில் குழு குறுக்கிடாது. மசோதாவை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கும், அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கும். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் ஆதாரை வாக்காளர் பட்டியலோடு இணைக்கும் மசோதா 2021 டிசம்பர் 20இல் மக்களவையிலும் மறுநாளே மாநிலங்களவையிலும் நிறைவேறியது. நிலைக்குழுவுக்கு அது போகவே இல்லை. கோடிக்கணக்கான வாக்காளர்களைத் தொடும் சட்டத்துக்கு இரண்டே நாள். இதுதானே ஆழம் தெரியாமல் காலை விடுவது?

 மக்களுக்கு வருகிறேன். அவை விவாதங்களை வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கிறோம். குழுக் கூட்டங்களோ மூடிய அறையில் நடக்கின்றன. தேர்தலில் போட்டியிடும் வயதைக் குறைக்கலாம் என்று 2023இல் இந்தக் குழு பரிந்துரைத்தது. அறிக்கை வந்த பிறகே நமக்குத் தெரிந்தது. பிரிட்டனில் குழுக்களின் சாட்சிய அமர்வுகளைப் பெரும்பாலும் யாரும் பார்க்கலாம். இங்கே மட்டும் ஏன் கூடாது? தேர்தல் சட்டம் பற்றிய அமர்வுகளையாவது நேரலையில் காட்ட வேண்டும் என்பதே நம் இயக்கத்தின் ஒரே கோரிக்கை.

மக்களவைத் தலைவருக்கும் மாநிலங்களவைத் தலைவருக்கும் அனுப்பவுள்ள மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் தொகுதியின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தந்தத் தொகுதி உறுப்பினரிடமும் ஒரு நகலைக் கொடுக்கப் போகிறோம்.