ஃபேட் பைக் டிஸ்க் பிரேக்: பாலாத்து மணல்ல இருந்து ஏலகிரி இறக்கம் வரை

[காட்சி: காட்பாடி பக்கம் பாலாறு. காய்ஞ்ச மணல்ல அகலமான டயர் தடம்.]

வணக்கம். நம்ம பாலாத்துல தண்ணி ஓடுற நாளை விட மணல் காயுற நாள்தான் அதிகம். அந்த மணல்ல சாதா சைக்கிளை இறக்குனா நாலு மிதிக்குள்ள புதைஞ்சிடும். 4 இஞ்ச் டயர்ல காத்தை 10 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கி வச்சா, ஃபேட் பைக் மணல் மேலயே போகும். எல்லாரும் அந்த டயரைப் பாத்துதான் வாங்குறாங்க. வண்டியை நிறுத்துற டிஸ்க்கை, அதாவது சக்கர நடுவுல சுத்துற பிரேக் தட்டை, யாரும் குனிஞ்சு பாக்குறதில்ல. இன்னிக்கு அதைப் பாப்போம்.

[காட்சி: டேப் வச்சு சக்கரத்தையும் டிஸ்க்கையும் அளக்குறோம்.]

26 இஞ்ச் ரிம்ல 4 இஞ்ச் டயர் மாட்டுனா, வெளி விட்டம் ஏறக்குறைய 74 சென்டிமீட்டர். டிஸ்க் 160 மில்லிமீட்டர், அதாவது 16 சென்டிமீட்டர். நாலரை மடங்கு பெரிய, கனமான சக்கரத்தை இந்த சின்னத் தட்டு பிடிச்சு நிறுத்தணும். அதனால முன் சக்கரத்துக்கு 180 போடுங்கன்னு சொல்வேன். லிவரை அதே அழுத்து அழுத்துனாலும் பிடிப்பு எட்டுல ஒரு பங்கு கூடும். பிரேக் பிடிக்கும்போது ஆள் பாரம் பெரும்பகுதி முன்னாடி சாயுது இல்லையா, அதனாலதான் முன்னாடி பெருசு. பின்னாடி 160 போதும். முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்குற ஃபோர்க் எத்தனை மில்லி டிஸ்க் வரை தாங்கும்னு கேட்டுட்டு, பெரிய டிஸ்க்குக்கு ஏத்த மாதிரி பிரேக்கைத் தள்ளி மாட்டுற அடாப்டரையும் சேத்து வாங்குங்க.

கம்பி இழுக்குற கேபிளா, எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யுற ஹைட்ராலிக்கா? ஊருக்குள்ளயும் ஆத்து மணல்லயும் மட்டும் ஓட்டுறவங்களுக்கு கேபிள் பிரேக் போதும். கேபிள் அறுந்தா எந்த சைக்கிள் கடையிலயும் மாத்திக்கலாம். அடிக்கடி மலை ஏறி இறங்குறவங்க ஹைட்ராலிக் வாங்குங்க, ரெண்டே விரல்ல நிக்கும். ஆனா ஒண்ணு. ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனி பிரேக் பலதுக்கு டாட் ஆயில். மோட்டார் பைக்குக்கு ஊத்துற பிரேக் ஆயில்தானேன்னு மினரல் பிரேக்குல டாட்டை ஊத்திடாதீங்க. உள்ள இருக்குற ரப்பர் சீல் உப்பி, பிரேக்கே வீணாயிடும்.

[காட்சி: ஏலகிரி மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு.]

இப்ப எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஏலகிரி, முன்ன நம்ம வேலூர் மாவட்டம், 2019க்கு அப்புறம் திருப்பத்தூர் மாவட்டம். 14 கொண்டை ஊசி வளைவு. மேல இருந்து இறங்க ஆரம்பிச்சேன். ரெண்டு வளைவு தாண்டுனதும் பின் பிரேக் ஊளையிடுது. லிவர் கல்லு மாதிரி நிக்குது, வண்டி நிக்கல. முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிச்சு ஓரங்கட்டி, மீதி வளைவெல்லாம் தள்ளிக்கிட்டே இறங்குனேன். வீட்டுல வந்து டிஸ்க்கை வெயில்ல சாய்ச்சுப் பாத்தா, ரோட்டு மழைத் தண்ணியில பெட்ரோல் மிதக்குமே, அந்த மாதிரி வானவில் கலர். முந்தின நாள் சர்வீஸ் விட்ட கடையில செயினுக்கு ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க. அந்தத் தூறல் டிஸ்க்குல படிஞ்சிருக்கு.

பிரேக் சரியில்லன்னு வர்ற சைக்கிள்ல நான் முதல்ல தேடுறது இந்த எண்ணெயைத்தான். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைச்ச சுத்தமான துணியால துடைக்கலாம். டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்வுற பேடு எண்ணெயைக் குடிச்சிருந்தா மாத்திடுங்க, உப்புத்தாள்ல தேய்ச்சாலும் உள்ள ஊறுனது வெளிய வராது. இனிமே செயினுக்கு ஸ்ப்ரே வேண்டாம். டிஸ்க் மேல ஒரு பழைய துணியைப் போத்திட்டு, சொட்டுச் சொட்டா விடுங்க. டிஸ்க்கை விரலால தொடவும் வேண்டாம், கை எண்ணெயும் எண்ணெய்தான்.

பேடுல ரெசின், மெட்டல்னு ரெண்டு வகை. ரெசின் சத்தமில்லாம பிடிக்கும், மணல்லயும் ஈரத்துலயும் சீக்கிரம் தேயும். மெட்டல் நாள்படும், சூட்டைத் தாங்கும். சில டிஸ்க்குல 'ரெசின் பேட் ஒன்லி'ன்னு அச்சடிச்சிருக்கும், அதுல மெட்டல் போடாதீங்க.

[காட்சி: பேடு உக்காந்திருக்குற பிரேக் கூடு, அதாவது காலிப்பர், மிகக் கிட்டத்துல. பின்னாடி ஒரு வெள்ளைத் தாள்.]

கேபிள் பிரேக் பலதுல ஒரு பேடுதான் நகரும், இன்னொண்ணு அப்படியே நிக்கும். காலிப்பருக்குப் பின்னாடி வெள்ளைத் தாளைப் பிடிச்சு மேல இருந்து பாருங்க. டிஸ்க்குக்கு ரெண்டு பக்கமும் மெல்லிசா வெள்ளைக் கோடு தெரியணும். நிக்குற பேடு பக்கம் கோடு தடிமனா இருந்தா, உள்பக்கம் இருக்குற திருகை ஆலன் கீயால கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, டிஸ்க்கை உரசாத அளவுக்குக் கிட்ட கொண்டு வாங்க. இதைச் செய்யாம கேபிளை மட்டும் இழுத்துக் கட்டுனா, ஒவ்வொரு பிடிக்கும் டிஸ்க் ஒரு பக்கமா வளையும்.

மணல்ல ஓட்டிட்டு வந்தா ஒரு பக்கெட் தண்ணியை மெதுவா ஊத்துங்க. பிரஷர் வாஷ் வேண்டாம். பேடு மேல இருக்குற பொருள் அரை மில்லிக்குக் கீழ போனா மாத்துங்க. ஷிமானோ டிஸ்க் புதுசுல 1.8 மில்லி தடிமன், 1.5 ஆயிட்டா ஆயுசு முடிஞ்சது.

[காட்சி: விடியற்காலை, வேலூர் கோட்டை அகழி ஓரம்.]

புதுப் பேடு போட்ட அன்னிக்கே மலைக்குப் போகாதீங்க. ஆளில்லாத ரோட்டுல 20, 25 கிலோமீட்டர் வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாம நிதானமாப் பிடிச்சு நடை வேகத்துக்குக் கொண்டு வாங்க. முன்னாடி ஒரு 20 தடவை, பின்னாடி ஒரு 20 தடவை. முதல்ல ‘சர்ர்’னு வெறுமனே வழுக்கும். பதினஞ்சாவது தடவை வாக்குல அந்த சத்தம் அடங்கி, லிவரைத் தொட்டதும் சக்கரம் கைக்குள்ள வர்றது தெரியும்.