காஸ் முடிந்துவிட்டது என்று சொன்னால்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் வீடுகளுக்குப் போய் பிரிட்ஜ் திருத்துகிறவன் நான். வீட்டுக்குப் பயன்படும் விடயம் ஒன்று பேசுங்கள் என்று அழைத்தார்கள். பெரிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போகிற வீடுகளில் நான் அதிகம் கேட்கிற வசனம் ஒன்று இருக்கிறது: "காஸ் முடிஞ்சித்தாம் மனே." அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பிரிட்ஜில் இருக்கிற காஸ், குப்பி விளக்கில் எண்ணெய் தீர்வதுபோலத் தீர்கிற பொருள் அல்ல. காஸை அழுத்தி ஓட்டுகிற மோட்டரான கொம்பிரசரும் குழாய்களும் சேர்ந்த ஒரு மூடிய சுற்றுக்குள் அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். பத்து வருடம் போனாலும் போட்ட அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைத் தேடி அடைக்காமல் காஸ் மட்டும் அடித்தால், கொடுத்த காசும் காஸோடு சேர்ந்து போய்விடும். இன்னொன்று, குளிர் குறைந்த பெட்டிகள் பலவற்றில் காஸ் சரியாகவே இருக்கிறது. பிழை, உள்ளே இருக்கிற குளிரை அளக்கிற, விரல் நுனி அளவுள்ள ஒரு சென்சரில் இருக்கிறது.

இரண்டு கதவு வைத்த, பனிக்கட்டி தானாக உருகுகிற பெட்டிகளில்தான் பெரும்பாலும் இந்த சென்சர் வரும். பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் திருகுகிற தெர்மோஸ்டாட் இருக்கும், அது வேறு கதை. சென்சர் என்பது சின்னப் பிளாஸ்டிக் தலையும் இரண்டு வயரும். தலைக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு கூடினால் அதன் மின்தடை குறையும், குளிர் கூடினால் தடை ஏறும். உள்ளே எத்தனை பாகை என்பதை, பெட்டியை இயக்குகிற மின்சுற்றுப் பலகையான போர்ட் தெரிந்துகொள்வது இந்தத் தடையை வைத்து மட்டும்தான். தடை பொய் சொன்னால் போர்ட்டும் அதை நம்பித்தான் நடக்கும்.

மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரையை அண்டிய ஒரு வீடு. பால் ஒரே நாளில் திரிகிறது, மீன் குழைகிறது. முன்னர் வந்தவர் காஸ் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பெட்டியைத் திறக்கும் முன்னரே கேட்டேன்: "அம்மா, மோட்டர் நெடுக ஓடுதா, நின்டு நின்டு ஓடுதா?"

"அது ஓடுறதே குறைவு மனே. கரண்ட் பில்லும் குறைஞ்சித்து."

அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்தது. காஸ் குறைந்த பெட்டி ஓய்வெடுக்காது. எவ்வளவு ஓடியும் குளிர் போதாமல் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே சூடாக இருக்கும்போது கொம்பிரசர் நீண்ட நேரம் சும்மா நிற்கிறது என்றால், உள்ளே போதுமான குளிர் இருப்பதாக போர்ட் நினைக்கிறது. சென்சரின் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் காதே போதும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, கீழ்த் தட்டின் பின்சுவரில் இருந்த சின்ன மூடியைத் திறந்து சென்சரை வெளியே எடுத்தேன். வயர் கொழுவுகிற இணைப்பின் உள்ளே செப்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக் காற்றுக்கு அந்த மண்ணில் எந்தக் குறையும் இல்லை. சென்சரின் வயரில் நேரே, மின்தடை அளக்கிற மீற்றரை வைத்து அளந்தேன். அறைச் சூட்டில் 4.4 கிலோ ஓம், ஓம் என்பது மின்தடையின் அலகு. அந்த வகைக்கு அது சரியான அளவு. இணைப்பையும் சேர்த்து அளந்தால் இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது, வயரைத் தொட்டால் எண் துள்ளியது. சென்சரில் பிழையே இல்லை. களிம்பு கூட்டிவிட்ட தடையைக் குளிர் என்று எண்ணி போர்ட் கொம்பிரசரை நிறுத்திக்கொண்டிருந்தது. களிம்பு பிடித்த துண்டை வெட்டி எறிந்து, வயரை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்குகிற குழாயால் மூடினேன். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மாரிக்குள் அந்த இடமும் பச்சையாகிவிடும்.

சென்சர் நல்லதா என்று பார்க்க ஒரு கிளாஸ் போதும். பொடியாக்கிய ஐஸை நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். அந்தக் கலவை பூச்சியம் பாகையில் நிற்கும். கழற்றிய சென்சரின் தலையை மட்டும் அதில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து அளந்தால், 25 பாகையில் 5 கிலோ ஓம் காட்டுகிற வகை ஏறக்குறைய 13 முதல் 17 வரை காட்டும். 10 கிலோ ஓம் வகை ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு காட்டும். அப்புறம் தலையை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொள்ளுங்கள். எண் சீராக இறங்க வேண்டும். துள்ளினால், அல்லது அசையாமல் நின்றால், மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது ஒரு விடயத்தில் பிடிவாதமாக இருங்கள். பார்வைக்கு எல்லாச் சென்சரும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் வகை பொருந்த வேண்டும். 5 கிலோ ஓம் கேட்கிற போர்ட்டுக்கு 10 கிலோ ஓம் சென்சரைப் போட்டால், உள்ளே 18 பாகை இருக்கும்போதே 4 பாகை வந்துவிட்டதாக போர்ட் கணக்குப் போடும். புதுச் சென்சர் போட்டும் குளிரவில்லை, அப்படியென்றால் போர்ட்டும் பழுது என்று கதை நீளுவது இப்படித்தான். பெட்டியின் மாதிரி இலக்கத்தைக் கொண்டுபோய்க் கடையில் கேளுங்கள்.

இன்னொரு சென்சர், பிரீசரின் பின்பலகைக்குள் குளிர்க்குழாயோடு கொழுவியிருக்கும். குழாயில் படிகிற பனியை உருக்க அங்கே ஒரு ஹீற்றர் உண்டு. பனி உருகி முடிந்ததைப் போர்ட்டுக்குச் சொல்வது இந்தச் சென்சர். இதன் தலைக்குள் ஈரம் இறங்கினால் தடை குறையும். போர்ட் 'சூடாகிவிட்டது' என்று நம்பி ஹீற்றரை முன்கூட்டியே நிறுத்திவிடும். பனி மிஞ்சி மிஞ்சிக் கடைசியில் காற்றுப் போகிற வழி அடைபடும். மேலே ஐஸ் இறுகிக் கிடக்கும், கீழே தக்காளி வாடும். இதற்கும் நிறையப் பேர் காஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். சாமான்களை அயல்வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்தபடி ஒரு முழு நாள் விடுங்கள். கீழே துணி போடுங்கள், தண்ணீர் வரும். மறுநாள் போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, சில நாள் போய்த் திரும்பவும் கீழ்ப்பக்கம் சூடானால், உருக்குகிற பகுதியில் பழுது. அது சென்சராக இருக்கலாம், ஹீற்றராக, பியூஸாக இருக்கலாம், ஆனால் காஸ் அல்ல. பின்பலகையைத் திறந்து பார்க்கிறவருக்குப் பனியே சொல்லிவிடும். குழாய் முழுக்கத் தடிப்பாகப் பனி என்றால் காஸ் இருக்கிறது. தொடக்கத்தில் கொஞ்சம் மட்டும் படிந்து மற்றக் குழாய் வெறுமையாகக் கிடந்தால் காஸைச் சந்தேகிக்கலாம். தயவுசெய்து கத்தியால் பனியைக் கிளற வேண்டாம். அலுமினியக் குழாய் ஓட்டையானால் உண்மையாகவே காஸ் போய்விடும். இப்போது வருகிற பெட்டிகள் பலவற்றில் இருப்பது தீப்பற்றக்கூடிய ஆர்-600ஏ காஸ், அதனால் மெழுகுதிரியோ லைட்டரோ அருகில் கொண்டுபோக வேண்டாம்.

பெட்டியின் முகப்பில் பிழையைக் காட்டுகிற எழுத்து ஏதாவது மின்னினால், பிளக்கைக் கழற்ற முன்னர் போனில் படம் எடுத்து வையுங்கள். கழற்றிப் போட்டால் அது அழிந்துபோகலாம்.

நான் உண்மையாகவே பயப்படுகிற நிலை ஒன்று இருக்கிறது. கீழ்த் தட்டுச் சென்சருக்குள் ஈரம் போனால் போர்ட் எப்போதும் சூடு என்று நினைத்துக் கொம்பிரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும். கீரை கண்ணாடிபோல விறைக்கும், சட்டித் தயிரில் ஐஸ் ஊசிகள் தெரியும். நல்ல குளிர்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தட்டில் இன்சுலின் இருந்தால்? திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். உறைந்த இன்சுலின் உருகியபின் பார்வைக்குப் பழையபடி இருந்தாலும் பாவிக்கக் கூடாது. தயிர் உறைந்ததைக் கண்ட அன்றே இன்சுலினை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். அதுவும் உறைந்திருந்தால், உறைந்ததோ என்று சந்தேகம் இருந்தாலும்கூட, எடுத்து ஒதுக்கிவிட்டு மருந்தகத்தில் பேசிப் புதிது வாங்குங்கள்.

திருத்திய பிறகு, ஒரு கோப்பைத் தண்ணீரில் வெப்பமானியை நிற்க வைத்து நடுத்தட்டில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 2க்கும் 5க்கும் இடையில் இருந்தால் சரி. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், பனி அடைப்பு அதற்குள் முகம் காட்டிவிடும். வேலைக்கு வருகிறவரிடம் சென்சரை அளந்தீர்களா, எத்தனை கிலோ ஓம் என்று கேட்கவும் தயங்க வேண்டாம். அளந்தவருக்கு அந்த எண் நினைவில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.