மீனுக்கு முன்னால் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன் வளர்ப்பவன் என்று தெரிந்தாலே பலரும் என்னிடம் சொல்லும் சேதி ஒன்று உண்டு. "தண்ணீர் பளிச்சென்று இருந்தது சார், மீனும் நன்றாகத் தின்றது. பத்து நாள் கழித்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, மறுநாள் செத்துவிட்டது." பெரும்பாலும் அது ஆஸ்கராக இருக்கும், இல்லாவிட்டால் அரோவானாக் குஞ்சு. இரண்டுமே மற்ற மீனைப் பிடித்துத் தின்னும் வேட்டை மீன்கள். காரணம் கேட்டால் கடைக்காரரைக் குறை சொல்வார்கள், அல்லது மீன் ராசியில்லை என்பார்கள். மீனில் குறை இருப்பது அபூர்வம். தொட்டி தயாராவதற்கு முன்பே மீனை விட்டதுதான் காரணம்.

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. நாம் கழிவு என்று நினைத்து உறிஞ்சி எடுக்கும் அடிமண்டியும், மிஞ்சிய தீனியும் அழுகி இன்னும் கொஞ்சம் அம்மோனியாவைச் சேர்க்கும். ஏரியில் இதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நேற்று வாங்கிய கண்ணாடித் தொட்டியில் அவை கிடையாது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை ஓரளவு தாங்கும், வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். மண்ணில் இந்த வேலை நடப்பதை 1890 வாக்கிலேயே செர்கே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி பிரித்துக் காட்டிவிட்டார். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்ய முடியும் என்பது 2015-ல்தான் தெரியவந்தது. நம் காலடியில் நடக்கும் வேலை, இன்னும் முழுதாகப் புரிந்து முடியவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகும் உயிர்கள். சாதாரண பாக்டீரியா சில, சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இவை இரண்டாவதற்கு அரை நாளுக்கு மேல், சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். அதனால்தான் ஒரு புதுத் தொட்டி தயாராக நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் கேட்கிறது. இந்த வேலைக்கு நம் ஆட்கள் சைக்கிளிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எல்லா மீனுக்கும் இது பொருந்தும். அப்படியிருக்க வேட்டை மீனுக்கு மட்டும் ஏன் தனியாகப் பேசுகிறேன் என்றால், அது தின்பதில் புரதம் அதிகம். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஒரு கணக்குப் பாருங்கள். 45 சதவீதப் புரதம் உள்ள தீனி 10 கிராம் போட்டால், மீனின் உடம்பில் தங்குவது போக, 400 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒரு பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், அம்மோனியா சேரும். ஒரு முழு ஆஸ்கர் ஜோடி அதை ஒரே நாளில் தின்றுவிடும். சின்னக் கப்பி மீனுக்குப் போதுமான ஃபில்டரைப் போட்டு ஆஸ்கர் வளர்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தொட்டி அளவை மீன் குஞ்சைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆஸ்கர் ஒரு அடி வளரும். மூன்று அங்குலத்தில் அழகாக விற்கும் ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஒரு மீட்டரைத் தாண்டும், அதற்கு வீட்டுத் தொட்டியே போதாது, வாங்காதீர்கள். ஆஸ்கருக்கு நாலு அடிக்கு இரண்டு அடி, உயரம் இரண்டு அடி என்று வைத்தால் நிரப்பும்போது 400 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 400 கிலோ. கண்ணாடியும் ஸ்டாண்டும் மணலும் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். மாடி வீடு என்றால் பீமுக்கு அருகில், சுவரோரமாக வையுங்கள். கனமான மூடி கட்டாயம் வேண்டும், இந்த மீன்கள் எல்லாமே தாவும்.

இப்போது சேலத்துத் தண்ணீருக்கு வருகிறேன். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நம் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர், அது நல்ல தண்ணீர். போர் தண்ணீர், அது உப்புத் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லும் மேக்னசைட்டும் கிடைக்கிற பூமி இது, போர் தண்ணீர் கடினமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீனையும் கொல்லும், நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். திறந்த டிரம்மில் ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி சொட்டு மருந்து போதும்.

போர் தண்ணீர் கடினம் என்பதால் சிலர் வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணீரையே தொட்டியில் நிரப்புகிறார்கள். குடிக்கச் சுத்தமானது மீனுக்கும் நல்லது என்ற எண்ணம். அம்மோனியாவை மாற்றும்போது இந்த பாக்டீரியா தண்ணீரிலிருக்கும் பைகார்பனேட்டைக் காலி செய்துகொண்டே போகும். தண்ணீர் அமிலமாகாமல் தாங்கிப்பிடிப்பது அதுதான். ஆர்.ஓ. தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை. பிஎச், அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், சடசடவென்று கீழே இறங்கும், ஆறுக்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். ஆக, நாம் சலித்துக்கொள்ளும் உப்புத் தண்ணீர் இங்கே ஒரு வரம். ஆனால் அதிலும் ஒரு கவனம் வேண்டும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவமாக இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் விஷம். பிஎச் 7-ல், 30 டிகிரியில் அந்த விஷ வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே வெப்பத்தில் பிஎச் 8 என்றால் ஏழு சதவீதத்துக்கு மேல். நம் சித்திரை வெயிலில் போர் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் அம்மோனியா இருந்தாலும் அது மலைப்பிரதேசத்துத் தொட்டியை விடப் பல மடங்கு கடுமையாக இருக்கும். குழாய்த் தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலந்து பயன்படுத்துவதுதான் என் வழக்கம். கலக்கும் விகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

சரி, சைக்கிளிங் எப்படிச் செய்வது? பத்து மாலி மீனையோ கோல்டு ஃபிஷ்ஷையோ விட்டு, அவை திணறித் திணறி அம்மோனியா தரும்வரை காத்திருப்பது பழைய முறை. இதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஓர் உயிரைச் சித்திரவதை செய்து இன்னோர் உயிருக்கு வீடு கட்டக் கூடாது. அதோடு அந்த மீன் கொண்டுவரும் வெள்ளைப்புள்ளி நோய் தொட்டியில் தங்கிவிடும். மீனே இல்லாமல் சைக்கிள் செய்யலாம். அதற்கு வேண்டியது நவச்சாரம். ஆமாம், ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் அதே அம்மோனியம் குளோரைடுதான். பாத்திரத்துக்கு வாங்கும் கட்டியில் வேறு உலோகம் கலந்திருக்கலாம், பள்ளி ஆய்வகங்களுக்குப் பொருள் தரும் கடையில் தூளாக, சுத்தமானதாகக் கேளுங்கள்.

400 லிட்டருக்கு இரண்டரை கிராம். அது இரண்டு பிபிஎம் அம்மோனியா தரும். இரண்டரை கிராமை எதில் நிறுப்பது என்று கவலை வேண்டாம், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்யும் யாரையாவது தெரிந்தால் அவர் வீட்டுச் சின்னத் தராசு போதும். ஒரு மக்கில் கரைத்து, ஃபில்டர் தண்ணீரைக் கொட்டும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று அள்ளிப் போடாதீர்கள். ஐந்து பிபிஎம்மைத் தாண்டினால் பாக்டீரியாவே திணறும்.

சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வேட்டை மீனுக்குச் செலவு செய்யும் பணத்தில் இதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். நான் பயன்படுத்துவதில் சின்னக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டு ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை. பச்சையானால் இருக்கிறது. முதல் வாரம் முழுக்கப் பச்சைதான், நீங்கள் எத்தனை முறை பார்த்தாலும் பச்சைதான். நிறையப் பேர் இங்கேதான் நம்பிக்கை இழந்து மீனை வாங்கி வந்துவிடுகிறார்கள். இரண்டாம் வாரம் வாக்கில் நைட்ரைட் குழாயைப் பாருங்கள், வெளிர் நீலமாக இருந்தது ஊதாவின் பக்கம் சாயும். அம்மோனியாப் பச்சை வெளுக்கத் தொடங்கும். பச்சை முழுதாகப் போய் மஞ்சளாகும் ஒவ்வொரு முறையும் முதல் அளவில் பாதி நவச்சாரம் போடுங்கள். அடுத்து நைட்ரைட்டின் ஊதா, கிட்டோடு வரும் நிற அட்டையில் உள்ள கடைசி நிறத்தையும் தாண்டிவிடும். இதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம், இரண்டாவது பாக்டீரியா இன்னும் மெதுவாக வரும். அப்படி உச்சத்தில் நின்றால் பாதித் தண்ணீரை மாற்றலாம், பயம் வேண்டாம். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதை விட ஃபில்டரிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கிறது.

பழைய தொட்டித் தண்ணீர் ஒரு வாளி ஊற்றினால் போதும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். தண்ணீர் வேண்டாம், நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போல அது வேலை செய்யும், பல வாரம் மிச்சமாகும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் சில நேரம் பலன் தரும், ஆனால் வெயிலில் வாரக்கணக்கில் ஷெல்ஃபில் இருந்த பாட்டிலில் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கும் என்பது சந்தேகம்.

தேர்வு இதுதான். மாலையில் இரண்டு பிபிஎம் போடுங்கள். மறுநாள் மாலை அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் தொட்டி தயார். இடையில் சேர்ந்த நைட்ரேட்டைப் போக்க முக்கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, அன்றோ மறுநாளோ மீனை விடுங்கள். மீன் விடுவது தள்ளிப்போனால் நவச்சாரத்தைத் தொடருங்கள், சாப்பாடு இல்லாவிட்டால் பாக்டீரியாவும் பட்டினிதான்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், மார்கழியில் தொட்டித் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போய்விடும். அந்தக் குளிரில் சைக்கிளிங் ஆமை வேகம்தான். ஹீட்டர் போட்டு 28 டிகிரியில் வையுங்கள், ஆஸ்கருக்கும் அதுதான் பிடிக்கும். கீழே சேலத்தில் பிரச்சினை நேர் எதிர். சூடேறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். இதில் கோடை மின்வெட்டு வந்தால் மீன் மட்டுமல்ல, மூடிய ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாவும் மூச்சுமுட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். பல மணி நேரம் நின்ற கேனிஸ்டர் ஃபில்டரை, அதாவது அந்த மூடிய டப்பா ஃபில்டரை, அப்படியே ஓடவிடாதீர்கள், உள்ளே கெட்டுப்போன தண்ணீரை முதலில் கொட்டுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிவதும் வேண்டாம், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீர்க் குளோரின் ஒரு மாத உழைப்பை வீணாக்கிவிடலாம்.

மீன் வந்த முதல் வாரம் தீனி கொஞ்சம், டெஸ்ட் தினமும். நைட்ரைட் தலைகாட்டினால் தண்ணீரை மாற்றி, பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்புப் போடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். உயிரோடு கோல்டு ஃபிஷ் போட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது நோயைக் கொண்டுவரும். அந்த மீனில் உள்ள தையமினேஸ் என்ற நொதி, நாளாவட்டத்தில் வேட்டை மீனுக்கு பி1 சத்துக் குறைவை உண்டாக்கும். உரித்த இறால், ஜிலேபி மீன் துண்டு, நல்ல பெல்லட் எனும் குருணைத் தீனி இவற்றுக்குப் பழக்கிவிடலாம். முதல் சில நாள் முகம் திருப்பும், பசித்தால் தின்னும்.

நம் விராலையும் குறவையையும் வளர்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள், எனக்கு அதில் மகிழ்ச்சி. அவை மேலே வந்து காற்றையும் சுவாசிப்பதால் எதையும் தாங்கும் என்று சிலர் சைக்கிளிங்கையே விட்டுவிடுகிறார்கள். ஆக்சிஜன் குறைவைத்தான் அது சமாளிக்கும். அம்மோனியா விராலின் செவுளையும் அரிக்கத்தான் செய்யும்.

எந்த மீனாக இருந்தாலும், பெரிதாகி இடம் போதவில்லை என்று மூக்கனேரியிலோ ஏற்காட்டு ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிய டேங்க் கிளீனர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. 2023-ல் ஸ்ரீநகர் தால் ஏரியிலேயே அமெரிக்க அலிகேட்டர் கார் மீன் பிடிபட்டது. யாரோ ஒருவர் தொட்டியிலிருந்து போனதாகத்தான் இருக்க வேண்டும். வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். குஞ்சுக்குப் பணம் கொடுக்கும்போதே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.